ஒரு கை தூரம்

என் தம்பிக்கு முப்பத்தாறு வயதானபோது நான் அவனுக்கு ஒரு விதி கற்றுக்கொடுத்தேன். இன்றுவரை அதை அவன் ஒரு தடவைகூட மீறியதில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பதினெட்டு வருடமாக எத்தனையோ பேருக்கு எத்தனையோ விதிகளைத் தொண்டை வற்றக் கத்திச் சொல்லியிருக்கிறேன். லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே எல்லாவற்றையும் காற்றில் பறக்கவிட்டுவிடுவார்கள். சொன்னதைச் சொன்னபடி கேட்ட ஒரே ஆள் என் தம்பிதான். 

பள்ளிக்கூடத்தில் அவனை மந்தம் என்றார்கள். பிறகு ஒரு டாக்டர் கற்றல் குறைபாடு என்று தாளில் எழுதிக்கொடுத்தார். பெயர் கௌரவமாக மாறியதே தவிர, அவனுக்கு ஒன்றும் மாறவில்லை. பஸ் நம்பர், தன் பெயர், கடைப் பலகையில் நாலைந்து வார்த்தைகள் என்று எழுத்தையாவது ஒரு மாதிரி ஒப்பேற்றிவிடுவான். முகத்தைப் படிக்கத்தான் அவனுக்குச் சுத்தமாக வராது. எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டாலும் சரி, கடிகாரத்தைப் பார்த்தாலும் சரி, எழுந்து செருப்பை மாட்டினாலும் சரி, பேச்சை நிறுத்த மாட்டான். லிஃப்ட் வரை கூடவே போய் மீதியையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்புவான். எதிர் வீட்டுக்காரர் ஒருநாள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டார். "சட்டை நல்லா இருக்கு. வயிறுதான் நல்லா இல்ல" என்றான் இவன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், இவனும் சிரித்தான். எல்லோரும் நிறுத்திய பிறகும் இவன் மட்டும் சிரித்துக்கொண்டே நின்றான்.

மனிதர்களை உரசிக்கொண்டு நின்றால்தான் அவனுக்கு நிற்கவே வரும். தப்பு அவனுடையது மட்டுமில்லை, எங்கள் வீடு அப்படி. அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் இரண்டு பேரில் யார் அழுதாலும் அம்மாவிடம் ஒரே வைத்தியம்தான் இருந்தது, இழுத்துக் கட்டிக்கொள்வாள். என் கல்யாணம் முறிந்து பெட்டியோடு நான் வாசலில் வந்து நின்ற அன்று அம்மா வீட்டில் இல்லை. தம்பிதான் கதவைத் திறந்தான். என் முகத்தில் கண்ணீரைப் பார்த்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டிக்கொண்டான். பெட்டி வாசலிலேயே கிடந்தது. மதியம் முழுக்க விடவில்லை. மூச்சு முட்டியது, தண்ணீர் குடிக்க எழுந்திருக்கக்கூட முடியவில்லை. "விடுடா எருமை" என்று திட்டினேன். உள்ளுக்குள் விடக்கூடாதே என்றிருந்தது.

முப்பத்து நாலாவது வயதில் அவனுக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. அதற்கு முந்தைய பதினோரு வருடமும் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவன். கட்டடத்தின் அடித்தளத்தில் ஜன்னலே இல்லாத நீளமான கூடம் அது. ஒரு பக்கம் வண்டி வண்டியாக அழுக்குத் துணி வந்து இறங்கும். இயந்திரங்கள் அலசிப் பிழிந்து தர, சூடான உருளைகளுக்கு நடுவே புகுந்து விரிப்புகள் மறுபக்கம் ஆவி பறக்க வெளியே வரும். அங்கே இரண்டிரண்டு பேராக நின்று மடிப்பார்கள். ஆளுக்கு இரண்டு முனை. விரிப்பை இழுத்துப் பிடித்து, சேர்த்து, நடந்து வந்து, என் முனைகளை உன் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து மடிப்பை எடுத்துப் பின்னால் போக வேண்டும். கிட்ட வா, கொடு, பின்னாடி போ. இதற்கு முகம் படிக்க வேண்டாம், பேச்சு வேண்டாம். அவனுக்கென்றே யாரோ கண்டுபிடித்த வேலை மாதிரி இருந்தது. ஓரம் ஓரத்தோடு மயிரிழை பிசகாது. ஆரம்பத்தில் கிண்டலாக மாஸ்டர் என்று கூப்பிட்டவர்கள் ஆறே மாதத்தில் நிஜமாகவே மாஸ்டர் என்றார்கள். ஒருநாள் சூப்பர்வைசரே மடித்த விரிப்பைக் கையில் எடுத்துப் பார்த்து, "கோணல்" என்று சொல்லி அவரிடமே திருப்பிக் கொடுத்தானாம். அவர் நல்ல மனிதர், மறுபடி மடித்தார்.

இரண்டு வருடம் கழித்து அது நடந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மதியம் அலமாரிகளுக்குப் பின்னால் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். தம்பி பார்த்திருக்கிறான். நேராகப் போய்க் கட்டிக்கொண்டான். அவள் அலறினாள். அலறினால் அழுகை ஜாஸ்தியாகிவிட்டது என்று அர்த்தம், எங்கள் வீட்டுக் கணக்குப்படி இன்னும் இறுக்க வேண்டும். இறுக்கினான். இரண்டு பேர் ஓடிவந்து பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் பளாரென்று ஒன்று வைத்திருப்பேன். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அவர் மனசுல ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா அந்தப் பொண்ணு நடுங்கிப்போச்சு. அதுக்கு எப்படித் தெரியும்? மேல எழுதிக் குடுக்காம நான் பார்த்துக்கறேன். இன்னொரு தடவை நடந்துச்சுன்னா என் கையில ஒண்ணுமே இல்ல."

வீட்டுக்கு வந்ததும் அவனை உட்காரவைத்தேன்.

"ஏன்டா கட்டிப்பிடிச்ச?"

"அழுதா."

"அழுதா? யாரு என்னன்னு பார்க்க வேணாமா?"

"என்னை அண்ணான்னு கூப்பிடறா. தங்கச்சி அழுதா கட்டிக்கணும்ல?"

நாம் எல்லோரையும் அண்ணா, அக்கா, அம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். இதில் எது பேச்சுக்கு, எது நிஜம் என்று யாரும் நமக்குப் பாடம் எடுக்கவில்லை, தானாகத் தெரிந்துவிடுகிறது. அவனுக்குத் தெரியவில்லை. வீட்டு ஆளை மட்டும் தொடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "லிஃப்ட்காரர் என்னை மகனேங்கறாரே?" என்றான். "டீ கொண்டுவர்ற அம்மா?" என்றான். ஒவ்வொருவராக அடுக்கினான். எனக்குப் பொறுமை போய்விட்டது. விதி என்றால் விதிவிலக்கு இருக்கக் கூடாது, விலக்கு வைத்தால் ஓட்டுகிறவன் நடுச்சாலையில் நின்று யோசிப்பான் என்று வகுப்பில் சொல்வேன். அதையே வீட்டிலும் செய்தேன்.

"இங்க பாரு. அழறவங்களைத் தொடக்கூடாது. கையை நீட்டு. விரல் அவங்க மேல படாத தூரத்துல நில்லு. தண்ணி வேணுமான்னு கேளு. வேணும்னா டம்ளரை நீட்டு. அவ்வளவுதான். கிட்டப் போனா வேலை போயிடும்."

"யாரு அழுதாலுமா?"

"யாரு அழுதாலும்."

"அம்மா?"

நான் யோசித்திருக்கலாம். அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"அம்மாவும்தான்" என்றேன். சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

சொன்னால் மட்டும் அவனுக்கு ஏறாது, செய்து பழக வேண்டும். அழுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே? அம்மாவைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தேன். அம்மாவுக்கு நடிக்க வராது. துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோளைக் குலுக்குவாள். தம்பி பாய்ந்து வருவான். நான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, "பிரேக்!" என்று கத்துவேன். என் வண்டியில் என் காலுக்கடியிலும் ஒரு பிரேக் உண்டு. மாணவன் தடுமாறினால் நான் மிதிப்பேன். அவனுக்கும் அப்படித்தான் மிதித்துக்கொண்டே இருந்தேன். தினமும் வேலை முடிந்து வந்ததும் பத்து தடவை. முதல் வாரம் காலர் கிழிந்ததுதான் மிச்சம். இரண்டாவது வாரம் நின்று யோசித்தான். மூன்றாவது வாரம் ஒருநாள், அம்மா துண்டில் முகத்தை வைத்ததும் அவன் சரியாக வந்து, கையை நீட்டி அளந்து, ஓர் அடி பின்வாங்கி நின்று, "தண்ணி வேணுமா?" என்றான். அம்மாவின் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அவன் அசையவில்லை.

"பாஸ்!" என்று கைதட்டினேன். "போதும்மா நடிச்சது, எந்திரி."

அம்மா துண்டை எடுத்தாள். முகம் நனைந்திருந்தது.

"ஏன்டி, நான் நிஜமாவே அழுதாலும் இவன் வரமாட்டானா?"

"வரக்கூடாதுன்னுதானேம்மா இத்தனை பாடு" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு ஐஸ்கிரீம் வாங்கக் கடைக்குப் போனேன். அன்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

வேலை தங்கியது. அந்தப் பெண் இன்னொரு நாள் அழுதபோது தம்பி ஒரு கை தூரத்தில் நின்று தண்ணீர் கொடுத்தானாம். அவளே என்னிடம் போனில் சொன்னாள். "அண்ணன் இப்ப ரொம்ப மாறிட்டாருக்கா, அன்னிக்கு நான்தான் பயந்துட்டேன்" என்றாள். நான் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அதற்கும் இரண்டு வருடம் கழித்து அம்மா படுத்தாள். வயிற்றில் தொடங்கிய நோய் எலும்புக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். கூடத்தில் ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டோம், தம்பி பதினோரு வருடம் உட்கார்ந்த அதே இடம். நான் பகல் வகுப்புகளை விட்டுவிட்டேன். தம்பி நாலு மணிக்கு வருவான். கையைக் கழுவிவிட்டு வந்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்து, அன்றைக்கு எந்த விரிப்பில் தையல் விட்டிருந்தது, யார் கோணலாக மடித்தார்கள் என்றெல்லாம் சொல்வான். அம்மா அவன் கையைத் தடவிக்கொண்டே கேட்பாள். ஆனால் வலி வந்து அவள் கண் கலங்கியதோ, சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிடுவான். கையை நீட்டுவான். பின்னால் நகர்வான். "தண்ணி வேணுமா?"

அம்மா அழாமலிருக்கக் கற்றுக்கொண்டாள். வலியில் தலையணை முனையைக் கடித்துக்கொள்வாள். லிஃப்ட் சத்தம் கேட்டதும், "துடைடி, துடைடி" என்று என்னிடம் முகத்தைக் காட்டுவாள். வலி மாத்திரையைப் பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று எழுதியிருந்தார்கள். "காலையில வலிச்சா வலிக்கட்டும். மூணு மணிக்குக் குடு. நாலு மணிக்கு அவன் வர்றப்போ எனக்கு வலிக்கக் கூடாது" என்றாள். காலை முழுக்க அவள் படும் பாட்டை நான்தான் பார்த்தேன். பிள்ளை பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருவதற்காக.

நான் விதியை மாற்றப் பார்க்காமல் இல்லை. "அம்மாவைத் தொடலாம்டா. நான்தான் சொல்றேன்ல" என்று கெஞ்சினேன். அவன் முகம் வெளிறிவிட்டது. "தொடக்கூடாது. வேலை போயிடும்" என்றான். முதுகில் கை வைத்துத் தள்ளினேன். உடம்பு விறைத்து, தன் தலையில் தானே அடித்துக்கொள்ள ஆரம்பித்தான். மூன்று வாரத்தில் ஏற்றியதை ஐந்து மாதத்தில் என்னால் இறக்க முடியவில்லை.

கடைசி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே அம்மாவின் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது, நிறுத்தத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். நான் துடைக்கத் துடைக்க வந்தது. தம்பி டம்ளரோடு ஒரு கை தூரத்தில் நின்றான். அம்மா கையை அவன் பக்கம் நீட்டினாள். அவன் தன் கையையும் நீட்டினான். எனக்கு உயிரே வந்த மாதிரி இருந்தது. இரண்டு விரல்களும் தொடப்போகும் இடத்தில் அவன் நிறுத்தி, தூரத்தைப் பார்த்து, அரை அடி பின்னால் போனான்.

"தண்ணி வேணுமா?"

"வேணாம்டா கண்ணு."

"கிட்டப் போடா!" என்று நான் கத்தினேன். "உன் காலில விழறேன், ஒரு தடவை கையைப் பிடிடா!" அவன் டம்ளரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். தண்ணீர் தளும்பித் தரையில் சிந்தியது.

"திட்டாதடி" என்றாள் அம்மா. குரல் வெளியே வரவே இல்லை, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். "நீ சொன்ன இடத்துலதான் நிக்கிறான்."

அம்மா என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. என்னைக் குத்திக்காட்ட அவள் சொல்லவில்லை, அவனைக் காப்பாற்றத்தான் சொன்னாள். இரண்டு மணிக்கு மூச்சு நின்றது. கடைசியாக ஒரு தடவை நான் கண்ணைத் துடைத்துவிட்டேன். அதற்கு மேல் வரவில்லை.

தம்பி சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு டம்ளரை மேசைமேல் வைத்தான்.

"அம்மா அழறதை நிறுத்திட்டாங்க அக்கா" என்றான். கட்டிலில் ஒட்டி உட்கார்ந்து, அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து விரிப்புக் கதையைச் சொல்ல ஆரம்பித்தான். நான் தடுக்கவில்லை. யாருக்கும் உடனே போன் பண்ணவும் இல்லை. அவன் சொல்லி முடிக்கட்டும் என்று சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு வீடு நிறைய ஆட்கள். அழுகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் தம்பி போய், கையை நீட்டி அளந்து நின்று, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். "எவ்வளவு பொறுப்பா நடந்துக்கறான் பாருங்க" என்றாள் சித்தி. சூப்பர்வைசர் என்னைத் தனியாக அழைத்து, "நல்லா தேத்திட்டீங்கம்மா. உங்களைப் பாராட்டணும்" என்றார். அவர் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். தம்பி அழவில்லை. அவனுக்குப் புரியவில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கொடியில் காய்ந்த விரிப்புகளை எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் போட்டான். கட்டிலைக் கழற்றிவிட்டோம், இடம் காலியாக இருந்தது. அம்மாவின் நீலக்கோடு போட்ட விரிப்பும் அதில் இருந்தது.

"மடிக்கணும். இன்னொரு ஆள் வேணும்."

ஞாயிறு எனக்கு வண்டியில் வகுப்பு அதிகம். முன்பெல்லாம் அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்ததே கிடையாது. அம்மா படுக்கும் வரை அவளும் அவனும்தான் மடித்திருக்கிறார்கள். நான் நீலக்கோடு விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தேன். அவன் எதிரில் போய் நின்று இழுத்தான். சேர்த்தோம். "கிட்ட வா" என்றான். நடந்து போய் முனைகளை அவன் கையில் கொடுத்தேன். குனிந்து அடுத்த மடிப்பை எடுக்கப் போனேன். அவன் பின்னால் போகவில்லை. விரிப்பைப் பிடித்தபடி தலையைக் கொஞ்சம் குனிந்து என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றான்.

"என்னடா?"

"முட்டணும். அம்மா முட்டுவாங்க. ஒவ்வொரு மடிப்புக்கும்."

என் விதிக்குள் அம்மா ஒரு சந்து கண்டுபிடித்து வைத்திருந்தாள். அழாமல், சிரித்த முகமாக, விரிப்பைக் கொடுக்கும் சாக்கில் பிள்ளையின் நெற்றியோடு நெற்றியை முட்டியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் நான் ஒரு விதி போட்டிருப்பேன் என்று பயந்திருப்பாள்.

பல்லைக் கடித்துக் கண்ணீரை அடக்கிக்கொண்டு என் நெற்றியை அவன் நெற்றியில் முட்டினேன். அவன் அப்படியே நின்றான். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான், கையிலிருந்த நீலக்கோட்டைப் பார்த்தான், கட்டில் இருந்த இடத்தைப் பார்த்தான். உதடு கோணியது. முப்பத்தொன்பது வயது ஆண்பிள்ளை சத்தமே இல்லாமல் அழ ஆரம்பித்தான். அம்மா போன பிறகு முதல் தடவையாக.

"தம்பி" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நகர்ந்தேன்.

அவன் விரிப்பை ஒரு கையில் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறுகையை நேராக என் பக்கம் நீட்டினான். விரல்கள் என் தோளில் பட்டன. நான் நெருங்க நெருங்க, படாத தூரத்தைத் தேடிப் பின்னால் போனான். சுவர் வந்தது. அதற்கு மேல் போக இடமில்லை.

"அழறவங்களைத் தொடக்கூடாது அக்கா" என்றான் விம்மலுக்கு நடுவில். "நீ பின்னாடி போ."

போனேன். ஓர் அடி பின்னால் போய் நின்றேன். அவன் நீட்டிய கை இறங்கவே இல்லை, எதற்கோ காத்துக்கொண்டு அப்படியே நின்றான். எதற்கென்று எனக்குப் புரியச் சற்று நேரமானது. சமையலறைக்குப் போய் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து அதே இடத்தில் நின்றேன்.

"தண்ணி வேணுமாடா?"

"வேணும்" என்றான்.